மணிக்கட்டில் இரண்டு தட்டு

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த லிஃப்டில் ஆட்களை ஏற்றும் முன், அவர் மட்டும் தனியாக ஒருமுறை மேலும் கீழும் போய்வருவார். கதவு எங்கே சிக்குகிறது, எந்த மாடியில் தரைக்கு அரை அங்குலம் இறங்கி நிற்கிறது என்பதையெல்லாம் ஒரு நீளமான பதிவேட்டில் எழுதுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் ஏறலாம். வீட்டில் வீடியோ கேம் ஆடியதும் அப்படித்தான்.

அந்த விளையாட்டில் மூடிக்கிடக்கும் எட்டு மாடி ஓட்டல் ஒன்று. காணாமல்போன தங்கையைத் தேடி ஒரு டெலிபோன் ஆபரேட்டர் பெண் அதற்குள் மாடி மாடியாக ஏறுகிறாள். ஒரு மாடிக்கு ஓர் அத்தியாயம். சிவப்புக் கோட்டு போட்டிருந்ததால் அவளுக்குச் சிவப்பி என்று பெயர் வைத்தோம். அவளைத் துரத்தும் ஆளுக்கு நெட்டையன். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கதை என்றால் உயிர். ஆனால் முதல் மாடியிலேயே நெட்டையன் அலமாரிக்குள்ளிருந்து பாய்ந்ததும் கன்ட்ரோலரைத் தூக்கி எறிந்துவிட்டேன். அது போய் அவர் முழங்காலில் பட்டது.

"நெட்டையன விட நீதான் ஆபத்தானவ," என்றார் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "பயமா இருந்தா விட்டுடலாம்."

"விட வேணாம். கதை தெரியணும். என்ன வரப்போகுதுன்னு சொல்லாதீங்க. எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க. அது தெரிஞ்சா எதையும் தாங்கிப்பேன்."

அவருக்குக் காலை ஷிஃப்ட். ஆட்டம் எதுவரை வந்தது என்று சேமித்து வைக்கும் சேவ் எங்கள் இருவருக்கும் தனித்தனி. மதியம் வீடு திரும்பி, தன் சேவில் தனியாக ஒரு மாடியை ஆடிப் பார்ப்பார். சாயங்காலம் நான் வந்ததும், கேம் பெட்டியைப் போட்டு என் சேவைத் திறந்து கன்ட்ரோலரை என் கையில் கொடுப்பார். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்வார். பயப்பட வேண்டிய இடம் நெருங்கும்போது என் இடது மணிக்கட்டில் இரண்டு விரலால் இரண்டு தட்டு. நான் மூச்சை இழுத்துக்கொள்வேன். பிறகு எது வந்தாலும் பார்த்துவிடுவேன்.

என் நாத்தனார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒருநாள் இதைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, அண்ணன் உங்களுக்கு நாடி பாக்குறாரா?" என்றாள்.

"உங்க அண்ணிக்கு உயிர் இருக்கான்னு அப்பப்ப பாத்துக்கறேன்," என்றார் அவர்.

ஐந்தாம் மாடியில் ஓட்டல் லிஃப்டின் கம்பி அறுந்து சிவப்பி விழும் காட்சி வந்தது. அவர் தட்டினார், நான் தாங்கினேன். தாங்க முடியாமல் போனது அவருக்குத்தான். "சுத்தப் பொய். இப்படி விழவே விழாது. வேகம் கூடினா பிரேக் தானா வந்து பிடிச்சுக்கும். இத எழுதினவன் படிக்கட்டுலயே போறவன் போல," என்று சாப்பாடு முடியும் வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஏழு மாடிகள் இப்படி ஏறினோம். எட்டாவதில் தங்கை இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. அங்கேதான் அவர் நின்றுவிட்டார்.

"எட்டாவது மாடிய நான் இன்னும் பாக்கல. வேலை ஜாஸ்தி," என்றார். "அதுவரைக்கும் கீழ் மாடியில விட்டுப்போன சாவியெல்லாம் தேடலாம் வா." அந்த ஓட்டலில் நாற்பது அறைச் சாவிகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. கதைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. மாதக்கணக்கில் சாவி தேடினோம். நெட்டையன் வராத, ஏற்கெனவே பார்த்த வராந்தாக்கள். அவர் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அந்த மேஜைக்கு அடியில பாரு, அவசரமில்ல," என்பார்.

"தங்கச்சி மேல கிடந்து சாகுறா. நமக்குச் சாவி கேக்குதா?" என்று நான் சண்டை போடுவேன்.

"இன்னும் நாலு சாவிதான்."

பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டுக்கொண்டார். வயிற்றில் புண் என்றார். மோரும் மாத்திரையுமாக இருந்தார். முப்பத்தெட்டாவது சாவியோடு அந்த விளையாட்டு நின்றது. வேலை செய்த கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அதில் ஒன்பது நாள் நினைவில்லை.

டாக்டர் என்னிடம், "வயித்துல இந்தக் கட்டி ரொம்ப நாளா இருந்திருக்கணும்மா. அவருக்குத் தெரியாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது. அவர் இறந்து, சடங்குகள் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு நாத்தனாரிடம் கேட்டேன். "அண்ணனுக்கே தெரியாது அண்ணி," என்றாள், செருப்பைப் போட்டுக்கொண்டே.

தெரியாமல் போனார் என்றால் அது விதி என்று ஒருநாள் அடங்கிவிடும். தெரிந்தும் என்னிடம் சொல்லாமல் போனார் என்றால்? பல் துலக்கும்போதும் பேருந்துக்கு நிற்கும்போதும் இதையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் போன் செய்தாள். "அந்தக் கேம் பெட்டிய நான் எடுத்துட்டுப் போயிடறேன் அண்ணி. அதப் பாத்துப் பாத்து நீங்க உருகிட்டிருக்க வேணாம். நாலு மணிக்கு வரேன்."

கொடுப்பதற்கு முன் ஒருமுறை போட்டேன். திறந்து கொடுக்க ஆள் இல்லாததால், சேவ் பட்டியலை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். இரண்டே வரிகள். கீழே என்னுடையது: ஏழாம் மாடி. மேலே அவருடையது: எட்டாம் மாடி, முடிந்தது. பக்கத்தில் தேதி, பதினைந்து. மாதம், அவர் இறப்பதற்கு நாலு மாதம் முன்பு. நேரம், மாலை மூன்றே முக்கால்.

எழுத்தைப் பார்த்தே பிழைக்கிறவள் நான். மூன்று முறை படித்தேன், பிழை இல்லை.

அதற்கு முந்தின நாளான பதினான்காம் தேதியை நான் மறக்க முடியாது. அன்று அச்சகத்தில் ஒரு காலண்டரில் பதினான்கு இரண்டு முறை வந்ததைக் கவனிக்காமல் விட்டு வசவு வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் அவரும் நாத்தனாரும் பேசாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "என்ன, அண்ணனும் தங்கச்சியும் துக்க வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி?" என்று கேட்டேன். இருவரும் சிரித்தார்கள். மறுநாள்தான் அவர் எட்டாம் மாடியை ஆடி முடித்திருக்கிறார். அதன் பிறகு நாலு மாதம் என்னிடம், இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

டிவிக்குக் கீழே அவருடைய பழைய பதிவேடு இருந்தது. முன்பக்கங்களில் லிஃப்டுகள். பின்பக்கத்திலிருந்து திருப்பினால் எங்கள் ஓட்டல், அதே கையெழுத்தில். "மாடி 1: அலமாரி. இரண்டடி முன்னாலேயே தட்டவும்." "மாடி 3: குளியலறைக் கண்ணாடி. தட்டவும்." "மாடி 5: லிஃப்ட். தட்டவும். (பொய்.)" கடைசிப் பக்கத்தில்:

"மாடி 8: தட்ட வேண்டிய இடம் எதுவும் இல்லை. திடீரென்று ஒன்றும் வராது. தங்கை பிழைக்க மாட்டாள் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். தெரிந்துகொண்டே கூட இருக்க வேண்டும். இவள் தாங்க மாட்டாள். காட்ட வேண்டாம்."

நாத்தனாருக்குப் போன் செய்தேன். "பதினாலாம் தேதி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீங்க?"

"அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி."

"எவ்வளவு நாள்னு சொன்னாங்க?"

"மூணு மாசம்."

போனை வைத்துவிட்டேன். அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவர் கடைசிப் பக்கத்தில் என்னைத் தவறாகப் படித்திருக்கிறார். தாங்க மாட்டாளாம். எப்போது என்று மட்டும் தெரிந்தால் எதையும் தாங்குவேன் என்று முதல் நாளே சொன்னேனே. அலமாரிக்கும் கண்ணாடிக்கும் தட்டிய மனிதர் இதற்குத் தட்டவில்லை. நாலு மாதம் என்னைச் சாவி தேட விட்டார். அந்த நாலு மாதத்தில் நான் என்னவெல்லாம் கேட்டிருப்பேன்! சண்டையாவது போடாமல் இருந்திருப்பேன்.

என் சேவைத் திறந்து எட்டாம் மாடிக்கு ஏறினேன்.

அவர் எழுதியது சரிதான். நெட்டையன் வரவே இல்லை. ஒரே ஒரு அறை, கட்டிலில் தங்கை. சிவப்பி அவளைத் தாங்கி நடத்தி ஓட்டலின் இன்னொரு லிஃப்டுக்குக் கொண்டுவந்தாள். லிஃப்ட் மெதுவாக இறங்கித் தரைத்தளத்தில் நின்றது. கதவு திறந்தது; வெளியே வெயில். தங்கை சிவப்பியின் கையைப் பிடித்தபடி தரையில் கிடந்தாள். கன்ட்ரோலரில் பட்டனை நான் அழுத்திக்கொண்டிருக்கும் வரை கை பிடியில் இருக்கும். விட்டால் எல்லாம் முடியும். அவசரப்படுத்த யாரும் இல்லை. விளையாட்டு காத்துக்கொண்டிருந்தது.

நாத்தனார் மூன்று மணிக்கே வந்துவிட்டாள். தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு உள்ளே வந்தவள் என் பக்கத்தில், அவர் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. திரையைப் பார்த்தாள்.

"இப்ப என்ன அண்ணி செய்யணும்?"

"விடணும்."

"விட்டா?"

"அவ செத்துடுவா."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வலது கட்டைவிரல் எனக்கு மரத்துப்போயிருந்தது. திரையில் தங்கையின் மார்பு இன்னும் மெல்ல ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்திருந்தேன்.

பிறகு இடது கையை நீட்டி, நாத்தனாரின் மணிக்கட்டில் இரண்டு முறை தட்டினேன். அவள் மூச்சை இழுத்துக்கொள்ளும் வரை பொறுத்திருந்து, விட்டேன்.