நிகழ்ச்சி நிரலில் இடம்பெறாத கட்டளை

சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாகக் குறித்துவைக்க வேண்டிய நாள், போன வருடம் மார்ச் மாதத்து வியாழக்கிழமை ஒன்று. நேரம், காலை பத்தரை. அப்போதுதான் எங்கள் தெருமுனை ஸ்கேன் நிலையத்தின் படங்கள் பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்குக் குடிபெயர்ந்தன.

நிலையம் ஒரு குடும்பத்துடையது. அண்ணன் நிர்வாக இயக்குநர். வீட்டு வாசல் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அண்ணிக்கு வரவேற்பு மேசை. ஸ்கேன் எடுப்பது தங்கை. கணினி முரண்டு பிடித்தால் அதன் காதைத் திருகுவதும் அவள்தான்.

பழைய கணினி ஒரு ரகம், புதியது வேறு ரகம். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டிக் கோப்புகளை அனுப்பும் பழங்காலத்துக் கருவி ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது. தங்கை ஐந்து கட்டளைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினாள். மூன்றாவது ஒரே சொல்: பைனரி. அதைத் தட்டாவிட்டால் அந்தக் கருவி எதைக் கண்டாலும் கடிதம் என்றே நினைத்துக்கொள்ளும். வரி முடிவில் பழைய கணினி இரண்டு குறிகள் வைக்கும், புதியது ஒன்றுதான் வைக்கும். ஆகவே கருவி கேட்காத உபகாரமாக ஒன்றைக் கிள்ளி எறிந்துவிடும். கடிதத்துக்கு அதனால் சேதமில்லை. படத்தில் அந்தக் குறி, யாரோ ஒருவருடைய நுரையீரலின் ஒரு துணுக்கு.

படங்களை அனுப்புவதையே அண்ணன் விழாவாக்கியிருந்தார்; புதன்கிழமை ஒத்திகை. அண்ணன் ஒற்றை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இந்த மூணாவது என்னம்மா, ஒரு வரி வந்துட்டு சும்மா நிக்குது?"

"அது அப்படித்தான் நிக்கும்ண்ணே. ஆனா அதை விட்டுடாதீங்க. விட்டா படம் எல்லாம் பாழ்."

"முப்பது பெரிய மனுஷங்க பெரிய திரையில பார்க்கப் போறாங்க. ஒன்னுமே ஓடலைன்னா கரண்ட் போயிடுச்சுன்னு எழுந்து போயிடுவாங்க."

"போகட்டுமே."

"சரி சரி. நீ நாளைக்கு உள்ள ஸ்கேன் பாரு. குடும்பத்துல ஒருத்தராவது வேலை செய்யணும்ல."

அண்ணன் வாய்தவறி உண்மை பேசிய சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

மறுநாள், சுவாரசியமில்லாதவை என்று இரண்டு அம்சங்கள் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்பட்டன: நன்றியுரை, மூன்றாவது கட்டளை. ரிப்பன் வெட்டப்பட்டது. கோப்புப் பெயர்கள் திரையில் அருவியாக ஓடின. பெரிய மனிதர்கள் கேக் தின்றபடி கைதட்டினார்கள். ஓடி முடிந்ததும், எண்ணிக்கை சரி என்று அண்ணன் மைக்கில் முழங்கினார். அடுத்த அம்சம் "பழமைக்கு விடைகொடுத்தல்". அண்ணி புன்னகையோடு பழைய கணினியிலிருந்த அத்தனையையும் அழித்தார். தங்கை அப்போது உள் அறையில் ஒருவரைப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, கண்ணாடித் தொழிற்சாலையில் குழாய் ஊதிப் பாட்டில் செய்கிறவர் வந்தார். அவருடைய வலது நுரையீரலில் பட்டாணி அளவு ஒரு புள்ளி. ஏழு வருடமாக அதே அளவில் இருந்தால் விட்டுவிடலாம், வளர்ந்திருந்தால் வெட்ட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பழைய அறிக்கைகளில் "சிறியது" என்று மட்டும் இருந்தது. ஃபிலிமில் அச்சிட்டுக் கொடுப்பதை அண்ணன் நவீனத்தின் பெயரால் எப்போதோ நிறுத்திவிட்டார். பழைய படங்களைப் பார்த்தே ஆகவேண்டும்.

தங்கை முதல் வருடத்தைத் திறந்தாள். மேலே இரண்டு விலா எலும்பு, அதற்குக் கீழே வெறும் சாம்பல் கோடுகள். அடுத்த வருடமும் அப்படியே. கோப்புகள் ஒவ்வொன்றும் முன்னைவிடச் சற்று இளைத்திருந்தன. ஏழையும் பார்த்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு அண்ணன் அறைக்குள் போனாள்.

"மூணாவதைத் தட்டினீங்களா?"

"எண்ணிக்கை சரியா இருந்துச்சே."

"பொணத்தை எண்ணினாலும் எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும். தட்டினீங்களா?"

அண்ணன் டையைத் தளர்த்தினார். "நகல் எடுத்து ஒரு வட்டு வச்சிருப்பியே."

"உங்க அலமாரியிலதான் வச்சேன். காணோம்."

அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "விழா வீடியோ பதிய இடம் இல்லன்னாங்க. அதைத்தான் அழிச்சுக் குடுத்தேன்."

"வீடியோ நல்லா வந்திருக்கா அண்ணி?"

"தெளிவா இருக்கு," என்றார் அண்ணி, கேள்வியின் சூடு புரியாமல்.

"சரி விடு," என்றார் அண்ணன். "சிஸ்டம் அப்டேட் ஆகுது, ஒரு வாரம் கழிச்சு வாங்கன்னு அவர்கிட்ட சொல்லு. நமக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு."

"அவருக்கு நுரையீரல் இருக்குண்ணே."

வெளியே வந்து அவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஊதி ஊதித் தளர்ந்த கன்னங்களைத் தடவியபடி அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் மூச்சைப் பிடிங்க, அசையாதீங்கன்னு சொன்னீங்க. அசையாமத்தானேம்மா இருந்தேன்?"

"இருந்தீங்க. படமெல்லாம் சுத்தமா வந்துச்சு. திரையில ஏதாவது ஓடணும்னு எங்க அண்ணன் ஆசைப்பட்டார், அவ்வளவுதான்."

"வெட்டிட்டா ஊத முடியுமா?"

அவள் பேனாவை எடுத்தாள். படங்கள் எங்கள் தவறால் அழிந்தன என்று நிலையத்தின் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அண்ணன் கதவுவரை ஓடிவந்து அதைத் திருப்பிக் கேட்டார். ஊதுகிறவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஒப்பிடப் படம் இல்லாததால் மருத்துவர் விட்டுவைக்கத் துணியவில்லை, வெட்டினார். எடுத்த சதையைச் சோதித்தவர்கள், அது என்றோ ஆறிய பழைய தழும்பு, வளரும் ரகமே அல்ல என்று எழுதி அனுப்பினார்கள். அண்ணனை மூன்று ஊர்களில் நவீனமாவதைப் பற்றிப் பேச அழைத்தார்கள். போன இடமெல்லாம் வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

குழாய் ஊதியவர் இப்போது அதே தொழிற்சாலையில் அட்டைப்பெட்டியில் பாட்டில் அடுக்குகிறார்.