விருந்தாளி விட்டுப்போனது

"1989 மே 26, வெள்ளி. இன்று ஒரு சிறிய பிழை. விமானத்தைக் கட்டி உறை போடுமுன் பின்னிருக்கையைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. குலேந்திரன் அண்ணை படம் எடுக்க அவசரப்படுத்தினார் என்று எழுதலாம். ஆனால் பார்க்க வேண்டியவள் நான்."

பிழைகளை அன்றன்றே எழுதிவைக்கச் சொன்னவர், மாலை வகுப்பில் பறப்பியல் படிப்பித்த ஆசிரியர். மற்றவர்கள் இரண்டு கிழமையில் கைவிட்டார்கள், சுஜீவா விடவில்லை. பகலில் டென்மார்க்கின் இக்காஸ்ட் ஊரில் ஒரு பின்னலாடை ஆலையில் தாய் விக்ரோரியாவோடு நின்று சட்டைகளுக்குக் கை பொருத்துவாள். மாலையில் வகுப்பு. ஓய்வு கிடைக்கும் நேரங்களில் ஊருக்கு வெளியே புல் ஓடுபாதையில் பறப்புப் பயிற்சி. கதவைப் பூட்டினாலும் பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற பிள்ளை அவள். அப்படிப்பட்டவள் திரும்பிப் பார்க்காமல் வந்தது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான்.

அதுவும் எந்தக் கிழமையில்! வருகிற ஞாயிறு அவள் முதன்முறையாகத் தனியே பறப்பதாக இருந்தது. திங்கட்கிழமை விமானம் பெரிய திருத்தவேலைக்குப் போகிறது. பயிற்றுநர் பிரேபனும் விடுமுறையில் போகிறார். ஞாயிறு தவறினால் இனி இலை உதிரும் காலம்தான்.

குலேந்திரன் அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர். "தங்கச்சி, ஒருக்கா என்னையும் ஏத்திக்கொண்டு போவன்" என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரேபன் சம்மதித்தார். சுஜீவா ஓட்ட, பக்கத்தில் பிரேபன், பின்னால் குலேந்திரன் என்று ஏற்பாடு. வெள்ளி பின்னேரம் கோட், சூட், கழுத்துப்பட்டியோடு அவர் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கு வந்த மனிசனை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் விக்ரோரியாவுக்கு இல்லை. ஆட்டிறைச்சி ரோல்கள் சுடச்சுட வந்தன.

"காணும் அக்கா, காணும்."

"என்ன காணும்? மேல போனா கடையே கிடக்குது? சாப்பிடும்."

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வெப்பக் காற்றில் பறந்தால் என்ன நடக்கும் என்று சுஜீவா படித்திருந்தாள், பரீட்சையிலும் எழுதியிருந்தாள். தாயின் கரண்டி மறுபடியும் அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் போனதைக் கண்டாள். விருந்தாளியைப் பார்த்து 'போதும், சாப்பிடாதேங்கோ' என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? அவளுக்கும் வரவில்லை.

வயல்களுக்கு மேலே விமானம் சட்டிக்குள் கடலை போலத் துள்ளியது. கொஞ்ச நேரத்தில் புளித்த வாடை ஒன்று அடித்தது. "பன்றி எரு," என்றார் பிரேபன், கீழே வயலில் எரு விசிறிக்கொண்டிருந்த உழவு இயந்திரத்தைக் காட்டி. வசந்த காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் அதே நாற்றம்தான். சுஜீவா நம்பினாள். இறங்கியதும் குலேந்திரன் வெளிறிய முகத்தோடு சிரித்தார். முன்னிருக்கையில் ஏறி இருந்து படம் எடுப்பித்தார். ஆலையில் இரவு வேலைக்கு நேரமாகிறது என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் உறையைக் கழற்றிக் கதவைத் திறந்தாள். காலை முழுக்க வெயிலில் வெந்த வாடை முகத்தில் அடித்தது. பின்னிருக்கைக்கும் சுவருக்கும் நடுவில், நேற்று அவள் எடுக்க மறந்த பை செருகப்பட்டிருந்தது. இழுவைப்பூட்டு கவனமாக, கடைசிவரைக்கும், பூட்டப்பட்டிருந்தது. அந்தக் கவனம்தான் அவளுக்கு முதலில் குமட்டியது. திறந்தாள். வரைபடம், பாடப்புத்தகம், பேனை எல்லாம் ஊறிக் கிடந்தன. அரைபட்ட ரோலின் மாவும் இறைச்சியும் புத்தகத் தாள்களுக்குள் ஒட்டியிருந்தன. மேலே, வாய் துடைத்துச் சுருட்டி எறிந்த ஒரு கைலேஞ்சி. மூலையில் நீல நூலால் பூவும் 'கு' என்ற எழுத்தும் தைத்திருந்தது. பையின் அடியால் ஒழுகியது கம்பளத்திலும் இருக்கைத் தண்டவாளத்திலும் காய்ந்து தடித்திருந்தது.

சுஜீவா புல்லில் குந்தி, அன்று காலை குடித்த தேத்தண்ணியைக் கக்கினாள்.

பறப்புக் கழகத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். மூக்கைச் சுருக்கினார். "ஓ, கறி," என்று டேனிஷில் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பைப் பிடித்துத் திருப்பி எறிய அவளுக்கு ஆசை. ஆனால் உள்ளே கிடந்தது கறிதானே. தன் தாய் சமைத்த கறி.

பிரேபன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். அவர் திட்டவில்லை. "கழகத்தின் வழக்கம் உனக்குத் தெரியும். யாருடைய விருந்தாளியோ அவர்தான் துடைக்க வேண்டும். நாளை பத்து மணிக்கு நான் இதற்குள் மூச்சுவிட முடிந்தால் நீ தனியே போகலாம். முடியாவிட்டால் ஒக்டோபரில் பார்ப்போம்." சொல்லிவிட்டுப் போனார்.

கையில் கிடைத்த துணியால் அவள் பின்னேரம்வரை துடைத்தாள். நாற்றம் அசையவில்லை. இருக்கையைக் கழற்றாமல் முடியாது என்று விளங்கியது. பையை இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டிச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வாசலிலேயே குலேந்திரனின் குரல் கேட்டது. தகப்பன் ஞானரட்ணமும் கூட்டாளி சிறீஸ்கந்தராசாவும் முன்னால் இருக்க, அவர் இரண்டு கைகளாலும் காற்றில் சுக்கான் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி பயந்துபோச்சு, பாவம். ஒரு குலுக்கம் வந்தது பாருங்கோ... நான்தான் பின்னால இருந்து 'பயப்பிடாத, நேர பிடி' எண்டு சொன்னன்."

"பின்னால இருந்தோ?" என்றார் சிறீஸ்கந்தராசா. "சங்கத்தையும் அப்பிடித்தானே ஓட்டுறீர்."

எல்லோரும் சிரித்தார்கள். விக்ரோரியா ரோல் கோப்பையை நீட்டினாள். குலேந்திரன் ஒன்றை எடுத்துக் கடித்தார். சுஜீவா பொலித்தீன் பையை அவிழ்த்து, கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணை, உங்கட சாமான் ஒண்டு விட்டிட்டுப் போட்டியள்."

"சீ! என்ன அரியண்டம் இது?" ஞானரட்ணம் எழும்பி யன்னலைத் திறந்தார்.

"என்ர இல்லைப் பிள்ளை," என்றார் குலேந்திரன், வாயில் ரோலோடு.

"கைலேஞ்சியில எழுத்துக் கிடக்குது. உங்கட மனிசி ஞானேஸ்வரி அக்கா தைச்சது."

சிறீஸ்கந்தராசா எட்டிப் பார்த்தார். "ஓம், கு. கும்பகர்ணன்ர போல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. குலேந்திரன் ரோலைக் கீழே வைத்தார். குரல் இறங்கியது. "அவள் ரெண்டு வருசமாக் கொழும்பில ஒரு அறைக்குள்ள கிடக்கிறாள் பிள்ளை. இஞ்ச கூப்பிடக் குடுத்த ஃபைலைக் கோப்பன்ஹேகனில திறந்தும் பாக்கிறாங்கள் இல்லை. அவளுக்கு ஒரு நல்ல படம் அனுப்புவம் எண்டுதான்... சத்தி எடுத்தனெண்டு எல்லாருக்கும் முன்னால எப்பிடிச் சொல்லுறது?"

அது பொய்யில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் அப்படி ஒரு ஃபைல், தன்னுடையதோ தம்பியுடையதோ, கோப்பன்ஹேகனில் கிடந்தது. அறைக்குள் இரக்கம் பரவியது. சுஜீவா அதைக் கண்டாள். அருவருப்பு இன்னும் கூடியது. அந்த மனிசி யன்னலோரம் இருந்து நூல் கோத்துத் தைத்த துணியால் வாயைத் துடைத்து அடுத்தவளின் பைக்குள் எறிந்தவர், இப்போது அவளையே முன்னால் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிகிறார். தான் இரக்கமில்லாதவளோ என்று ஒரு கணம் தன்னையே கேட்டாள். நாற்றம் மட்டும் தெரிந்தது.

"சொல்லியிருந்தா நேற்றே கழுவியிருப்பன் அண்ணை. பத்து நிமிச வேலை. இப்ப கதிரையைக் கழட்ட வேணும். நாளைக்குக் காலமை வாங்கோ. வாளியும் கொண்டு வாங்கோ."

"நாளைக்குக் கூட்டம் ஒண்டு..."

"குலேந்திரன், பிள்ளை கேக்குது, போட்டு வாரும்," என்றாள் விக்ரோரியா. "காலமைச் சாப்பாடு நான் கட்டித் தாறன்."

"அம்மா!" என்று கத்தினாள் சுஜீவா. "சாப்பாடு வேண்டாம்!"

குலேந்திரன் கைலேஞ்சியை எடுக்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு போனார். சுஜீவா அதை இரண்டு விரலால் தூக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டுவிட்டு, கையை முழங்கைவரை கழுவிக்கொண்டு கொப்பியை எடுத்தாள்.

"மே 27, சனி. நாளைய வேலை: ஆறு மணிக்குப் பறப்புத் திடல். வாளி இரண்டு, பழுப்புச் சவர்க்காரம், சோடா மா, பழைய துவாய்கள். பின்னிருக்கையைக் கழற்றிக் கம்பளத்தை வெளியே எடுத்துத் தோய்ப்பது. தண்டவாளத்தைத் துலக்குவது. இருக்கையைத் திரும்பப் பூட்டிப் பிரேபனுக்குக் காட்டுவது. அண்ணை வந்தால் கம்பளம் அவருக்கு. வராவிட்டால் அதுவும் எனக்கு. பத்து மணிக்குத் தனிப் பறப்பு. புறப்படுமுன் பின்னிருக்கையைப் பார்ப்பது."