வெள்ளை அம்புகள்

எங்கள் ஊர் மலையில் ஏறுவது ஒன்றும் பெரிய சாதனை இல்லை. கோடையில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே உச்சிக்குப் போய்விடலாம். மேலே உட்கார்ந்து காற்று வாங்கிவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பலாம். பாதை நெடுகிலும் பாறைகளில் அம்புக்குறி இருக்கும். போட்டவர் என் வீட்டுக்காரர்.

அவருக்குத் தொழில் பெயர்ப்பலகை எழுதுவது. பழைய குறிகள் அழிந்துபோய்விட்டதால் போன கோடையில் நகராட்சி அவரைக் கூப்பிட்டது. பட்டறையில் பெயிண்ட் கலந்து கொடுப்பவள் நான். எனக்கும் ஏதோ கொஞ்சம் தெரியும்.

"மஞ்சள்ல போடுங்க," என்றேன்.

"கறுப்பு மேல வெள்ளை எழுதினா கண்ணாடி போடாதவனும் படிப்பான். இது எனக்குத் தெரியாதா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நாலாவது காலைக் காட்ட முடியுமா? விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், கருங்கல்லில் வெள்ளை அழகாகத்தான் இருந்தது. ஊரே பாராட்டி, அவருக்கு 'அம்புக்காரர்' என்று பெயரும் வைத்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் குளிர்காலத்தில் பனி மூடிய மலையை அவர் பார்ப்பதெல்லாம் பட்டறை ஜன்னல் வழியாக, காலுக்கடியில் ஹீட்டரோடுதான்.

அந்தக் குளிர்காலத்தில் என் தங்கை விடுமுறைக்கு வந்திருந்தாள். கோடையில் எங்களோடு ஏறியவளுக்கு இப்போது பனியிலும் ஏறிப் பார்க்க ஆசை.

"தனியாவா?" என்றேன்.

"அட, விடு. அம்பு கொண்டுபோய் விடும்," என்றார் இவர். பிறகு அவளிடம், "ஒரு அம்புகிட்ட நின்னா அடுத்தது தெரியும். தெரியலைன்னா நகராதே, அவ்வளவுதான்," என்றார்.

அவள் கிளம்பும்போது வானம் தெளிவாகத்தான் இருந்தது. அவள் பாதி மலை ஏறியிருப்பாள், பனி கொட்டத் தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. போன் போட்டால் போகவில்லை. மீட்புக் குழு பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும், நேரமாகும் என்றார்கள். நாங்களே ஏறினோம்.

மரங்கள் முடியும் இடம்வரை பயமில்லை. அதற்குமேல் தரை, பாறை, வானம் எல்லாம் ஒரே வெள்ளை. இவர் நின்றுவிட்டார். தான் போட்ட அம்பு எங்கே என்று இவருக்கே தெரியவில்லை. ஒரு பாறையைக் கையுறையால் துடைத்தார். அம்பு அங்கேதான் இருந்தது, பனியோடு பனியாக. இரண்டடி தள்ளி நின்ற எனக்கு அது தெரியவில்லை.

மஞ்சள் என்று அன்றைக்கே சொன்னேனே! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனுஷனை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன் என்று நினைத்தேன். திட்டத்தான் மூச்சு இல்லை.

அவர் முழங்கால் போட்டார். கோடையிலும் அப்படி முழங்கால் போட்டுத்தான் ஒவ்வொன்றையும் எழுதியிருந்தார். எந்தப் பாறை, எந்தப் பக்கம் என்பது கைக்கு நினைவிருந்தது. துடைப்பார், அம்பு காட்டும் பக்கம் நடப்பார், மறுபடி துடைப்பார். நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் போனேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. என் தங்கை ஒரு பாறையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்பின் மேல் விழுந்த பனியைத் தள்ளித் தள்ளி அவள் கையுறை நைந்துபோயிருந்தது. நாலடி தள்ளிப் பள்ளம்.

"அடுத்த அம்பு தெரியலை அத்தான்," என்றாள். பல் தந்தியடித்தது. "தெரியலைன்னா நகராதேன்னீங்க. நகரலை."

இவர் தன் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றினார். பிறகு குழந்தை மாதிரி அழுதார். நானும்தான்.

அவள் ஊருக்குப் போன பிறகு, ஒருநாள் இவர் பட்டறைக்கு வந்து என் அலமாரியிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்தார். ஒரு கல்லில் தீற்றி என் முன்னால் வைத்தார்.

"இது போதுமா பாரு," என்றார். கல்யாணமான நாளிலிருந்து நிறத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதே இல்லை.

சொல்லிக்காட்ட எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். கல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"கொஞ்சம் சிவப்பு சேர்க்கலாம்," என்றேன்.