குப்பைத் தொட்டிமேல் அண்டங்காக்கை

காலை ஆறரைக்கு டேரன் கெட்டிலைப் போடுவான், மகள்கள் இருவருக்கும் ஓட்ஸ் கஞ்சி கிண்டுவான், பிறகு ஃபிரிட்ஜின் மேல் போய் உட்கார்ந்திருக்கும் அண்டங்காக்கையை எடுத்து வந்து பிள்ளைகள் செய்யும் கம்பத்தின் உச்சியில் மறுபடி ஒட்டுவான். பதினோரு நாளாக இதுதான் நடந்தது. காக்கையின் உடல் ஒரு கறுப்பு எஞ்சின் ஆயில் கேன். அலகு, கிழிந்த ரப்பர் பூட்ஸின் ஒரு துண்டு. அதற்கு உயிர் கிடையாது. ஒட்டினால் இறங்கிவிடும், அவ்வளவுதான்.

அவன் மனைவி கெய்லா இறந்து ஓராண்டு நிறையும் விருந்து சனிக்கிழமை வந்தது. தேவதாரு மரமும் அதைச் செதுக்க ஆளும் கிடைக்க இன்னும் இரண்டு வருடமாகும் என்றதால், இறந்தவர் நினைவாகக் குலச் சின்னங்களை அடுக்கி நிறுத்தும் குடும்பக் கம்பத்தைப் பிள்ளைகள் வீட்டுக் குப்பையிலிருந்தே செய்யத் தொடங்கினார்கள். ஒன்பது காப்பி டின்களை அடுக்கினார்கள். அடியில் முட்டை அட்டைப் பற்களோடு ஓநாய், நடுவில் கரடி. இரண்டும் கெய்லா குலத்தின் சின்னங்கள். அவர்களுடைய பழங்குடி ஊரான ஹூனாவில் பிள்ளைகள் தாயின் குலம்; குலங்கள் எல்லாம் கழுகு, காக்கை என்ற இரண்டு பக்கங்களில் அடங்கும். கெய்லா கழுகுப் பக்கம், டேரன் காக்கைப் பக்கம். இறந்தவருக்கான வேலையை எதிர்ப்பக்கத்தார் செய்வது முறை. தங்கள் சின்னத்தை அதில் ஏற்றுவது முறையல்ல. அவனுக்கு அது தெரியும். தெரிந்தேதான் ஏற்றினான். கெய்லா போனபின் அந்த வீட்டில் வேறு குலத்து ஆள் அவன் ஒருவன்தான்.

“அப்பா, அது உன் பறவை. எங்க கம்பத்துல எதுக்கு?” என்றாள் ஒன்பது வயது டெஸ்ஸா.

“ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமேடி.”

“ஓரமா? உச்சியில இருக்கு.”

பசை மூன்று வகை வாங்கினான். மீன்பிடி நரம்பால் கட்டினான். படகுக்குப் பூசும் பிசினையும் பூசிப் பார்த்தான். வியாழக்கிழமை நான்கு திருகாணி முடுக்கினான். வெள்ளிக்கிழமை காலை அந்த நான்கும் ஃபிரிட்ஜின் மேல் காக்கைக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. டேரன் திருப்புளியைச் சிங்க்கில் வீசினான். கஞ்சி கருகியது. உலர்ந்த சால்மனோடு வந்த கெய்லாவின் அக்கா ராபர்ட்டா இதையெல்லாம் பார்த்தபடி நின்றாள்.

“அதுக்கே வெக்கமா இருக்குப்பா டேரன். உனக்குத்தான் இல்ல.”

சனிக்கிழமை பால் கேனில் வெட்டிய கழுகைப் பிள்ளைகள் உச்சியில் வைத்தார்கள். ஒரு சொட்டுப் பசையிலேயே நின்றது. காக்கை ஃபிரிட்ஜின் மேல் இல்லை. சிங்க்கை ஒட்டிய குப்பைத் தொட்டியின் மூடிமேல், அவனைப் பார்த்தபடி நின்றது. அன்றுமுதல், கழுவாத டப்பாவை யார் தொட்டியில் போட்டாலும் அந்த டப்பா சிங்க்கில் திரும்பக் கிடக்கும். விருந்து முடிந்து இந்த மூன்று வருடங்களாக இப்படித்தான். தொட்டியைத் திறக்கும்போது பிள்ளைகள் காக்கையைத் தூக்கி ஓரமாக வைக்கிறார்கள், மூடியதும் பழைய இடத்தில் வைத்துவிடுகிறார்கள்.

விருந்தில் கேட்டவர்களிடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்பதுதான் கெய்லாவின் கடைசி வார்த்தை என்று டேரன் சொல்லியிருந்தான். அது பொய். இறந்த அன்று காலை கார் சாவியைத் தேடிக்கொண்டே, வாசலில் நின்று அவள் சொன்னது:

“டப்பாவக் கழுவாமப் போடாத. உன் சொந்தக்காரன் வந்து தொட்டி மேல நின்னுடுவான்.”