இடுப்பு உயரத்தில் ஒரு வீடு

அன்றைக்குப் பாண்டிச்செல்விக்கு உடம்பில் எந்தக் குறையும் இல்லை. ராத்திரி நன்றாகத் தூங்கியிருந்தாள். திண்டுக்கல் நாகல்நகரில் இருந்த அந்தத் தகரக்கூரை ஜிம்முக்குள் கோச் பிரான்சிஸோடு சிரித்துப் பேசிக்கொண்டுதான் நுழைந்தாள். மாநிலப் பளுதூக்கும் போட்டிக்குச் சில வாரங்களே இருந்தன. போன வருடம் வெண்கலம் வாங்கியிருந்தாள். இந்த வருடம் அதற்கு மேல்தான் என்று பிரான்சிஸ் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

கைகளில் பவுடரைத் தடவிக்கொண்டு, எடை மாட்டிய இரும்புப் பாரின் முன்னால் குனிந்தாள். அவளுக்குப் புதிய எடை இல்லை, பலமுறை தூக்கியதுதான். பார் தரையைவிட்டு எழும்பி முழங்கால் வரைக்கும் ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அவளால் இன்றுவரை கோர்வையாகச் சொல்ல முடிந்ததில்லை. இடுப்புக்குள் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் செருகி, இடது கால் வழியாகக் கீழே இழுத்த மாதிரி இருந்தது. பார் கையைவிட்டுப் போனது. மறுநொடி மேடைப் பலகையில் ஒருக்களித்துக் கிடந்தாள்.

அவள் கணவன் மதன்குமார் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டான். சின்னாளபட்டியில் வயரிங் வேலை பார்க்கிறவன் அவன். வேலை இல்லாத காலைகளில் அவளைப் பைக்கில் கூட்டி வந்து, அவள் தூக்குவதைச் செல்போனில் படம் பிடிப்பான். அன்றைக்கும் பிடித்துக்கொண்டுதான் இருந்தான்.

"செல்வி, எந்திரி. செத்த என் கையப் புடி."

"தொடாதீங்க மாமா. என் கால் எங்க இருக்கு?"

"இங்கதான் இருக்கு. நான்தான் புடிச்சிருக்கேன்ல?"

"புடிச்சிருக்கீங்களா? எனக்குத் தெரியலையே."

மதன்குமார் பிரான்சிஸை நிமிர்ந்து பார்த்தான். பயிற்சியில் எப்போதும் அதட்டும் பிரான்சிஸ், தாழ்ந்த குரலில் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். பாண்டிச்செல்வியை வலியைவிட அதிகமாகப் பயமுறுத்தியது அந்தத் தாழ்ந்த குரல்தான்.

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி டாக்டர் சிவபிரகாஷ் விளக்கினார். முதுகெலும்பின் அடிப்பகுதியில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் கிழிந்து, உள்ளே இருந்தது பிதுங்கி வெளியே வந்திருக்கிறது. காலுக்குப் போகும் நரம்பை அது அழுத்துகிறது.

"ஆபரேஷனா டாக்டர்?" என்று கேட்டான் மதன்குமார்.

"இப்ப வேணாம். நெறயப் பேருக்கு இது தன்னாலயே சுருங்கி, நரம்பு தெளிஞ்சிரும். மாசக்கணக்குல ஆகும். பொறுமையா இருக்கணும்." டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "ஆனா ஒண்ணும்மா. சிறுநீர் வராம நின்னுட்டாலோ, உக்கார்ற இடம் மரத்துப்போனாலோ, ரெண்டு காலும் பலம் கொறஞ்சாலோ, பகல் ராத்திரின்னு பாக்காம உடனே வந்துரணும். லேட் பண்ணா அப்புறம் சரிபண்றது கஷ்டம்."

நிறையப் பேருக்குச் சரியாகிவிடும் என்று அவர் சொன்னது வீடு போய்ச் சேருவதற்குள் அவளுக்கு மறந்துவிட்டது. கடைசியாகச் சொன்னது மட்டும் மனதில் ஆணியடித்தாற்போல் நின்றுவிட்டது.

தனியார் பள்ளியில் பி.டி. டீச்சர் அவள். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுப் படுக்கையில் கிடந்தாள். தும்மல் வந்தால் உயிர் போயிற்று. தும்மல் வரப்போகிறது என்று மூக்கு அரித்தாலே, கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். வீட்டில் யாரும் தாளிக்கக் கூடாது என்றாகிவிட்டது. புரண்டு படுப்பதற்கே மனசுக்குள் பெரிய ஏற்பாடு வேண்டியிருந்தது. விழித்ததும் முதல் வேலையாக இடது கால் விரல்களை அசைத்துப் பார்ப்பாள். பிறகு போர்வைக்குள் கையை விட்டுத் தொடையைக் கிள்ளிப் பார்ப்பாள். உணர்ச்சி இருக்கிறதா, நேற்றைக்கு இருந்த அளவுக்கு இருக்கிறதா என்று தானே தன்னைச் சோதித்துக்கொள்வாள். சோதித்து முடித்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சந்தேகம் வந்துவிடும்.

மதன்குமாருக்கும் பயம்தான். ஆனால் அவன் பயம் வேலையாக மாறியது. டிரில் மிஷினை எடுத்து வந்து சுவரெல்லாம் ஓட்டை போட்டுப் பலகை அடித்தான். அரிசி டப்பா, தண்ணீர்க் குடம், துணிக்கூடை, விளக்குமாறு எல்லாம் இடுப்பு உயரத்துக்கு ஏறின. செருப்புக்குக்கூட வாசலில் ஒரு உயரமான ஸ்டூல் வந்தது. அவள் எதற்கும் குனியவே வேண்டாம்.

"எது கீழ விழுந்தாலும் நீ எடுக்கப்படாது. என்னையக் கூப்பிடு" என்றான்.

"நீங்க வேலைக்குப் போயிட்டா?"

"வார வரைக்கும் அது அங்கயே கெடக்கட்டும்."

அவள் சரியென்று தலையாட்டினாள். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. தரை என்பது அவளைப் பிடித்து இழுக்கக் காத்திருக்கும் ஒன்றாகவே ஆகிவிட்டது. ஒருநாள் சீப்பு கைநழுவி விழுந்தபோது, அதைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அடுத்த அறைக்குப் போனாள்.

வலி மெல்லக் குறைந்தது. எழுந்து நடமாடினாள். பயம் மட்டும் குறையவே இல்லை.

மதன்குமார் காந்திகிராமத்தில் ஒரு ஹாஸ்டலுக்கு வயரிங் போடப் போயிருந்த ஒரு மதியம், பாத்ரூமுக்குப் போனவளுக்குச் சிறுநீர் வரவில்லை. முக்கினால் முதுகு என்னவாகுமோ என்று முக்கவும் இல்லை. வெளியே வந்து கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி போனாள். அப்போதும் வரவில்லை. உட்கார்ந்த இடம் மரத்திருந்தது போலத் தோன்றியது. கிள்ளினாள். வலித்தது. இவ்வளவுதான் வலிக்க வேண்டுமா, இன்னும் அதிகமாக வலிக்க வேண்டாமா? நாக்கு ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வயதில் சிறுநீர் வடியும் பையைக் கட்டிக்கொண்டு சக்கர நாற்காலியில் இருக்கப்போகிறோம் என்று நிச்சயமாகத் தோன்றிவிட்டது. போனை எடுத்தாள்.

"மாமா, வந்துருச்சு."

"என்ன வந்துருச்சு?"

"டாக்டர் சொன்னாருல்ல. அது."

அவன் கையில் இருந்ததை ஏணியிலேயே போட்டுவிட்டுப் பறந்து வந்தான். தெரிந்த ஆட்டோவில் அவளைப் படுக்கவைத்து, தன் மடியில் அவள் தலையைத் தாங்கிக்கொண்டான். அவள் வழியெல்லாம் கால் விரலை அசைத்துக்கொண்டே வந்தாள். அவன் டிரைவரிடம், "வேகமா போப்பா" என்றான். பள்ளம் வந்ததும், "ஏலே, மெதுவாப் போடா" என்று கத்தினான். டிரைவர் எதைத்தான் கேட்பார்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிவபிரகாஷ் மற்ற நோயாளிகளை நிறுத்திவைத்துவிட்டு அவளைப் பார்த்தார். நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, மழுங்கிய ஊசியால் இங்கே குத்துகிறதா, அங்கே குத்துகிறதா என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டாள். எல்லா இடத்திலும் குத்தியது. கால்களை அமுக்கிப் பார்த்தார்கள். வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "காலைல இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

அவள் யோசித்தாள். பாத்ரூமில் உட்கார்ந்து எழப் பயந்து, பல நாளாகவே தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வந்திருந்தாள். அன்றைக்கு ஒரு டம்ளர் காபியோடு சரி.

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா. இருந்தாத்தான வரும்? சிறுநீருக்கான நரம்பு நல்லா இருக்கு."

மதன்குமார் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பாண்டிச்செல்விக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"உங்க நேரத்த வீணாக்கிட்டேன் சார்."

"இல்ல. வந்ததுதான் சரி. மறுபடி சந்தேகம் வந்தாலும் வாங்க. ஆனா வீட்ல படுத்துக்கிட்டு உடம்புக்குக் காவல் காக்காதீங்க. நாளைல இருந்து பிசியோதெரபிக்கு வரணும்."

பிசியோதெரபி பார்த்த ருக்சானா அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவள். சத்தமாகப் பேசுவாள், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். முதல்நாள் எல்லாம் பரிசோதித்துவிட்டு, ஒரு டவலைத் தரையில் போட்டாள்.

"இத எடுத்துக் குடு."

பாண்டிச்செல்வி டவலைப் பார்த்தாள். தன் உடம்பு எடையைவிட அதிகமான இரும்பைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்தியவள், ஒரு டவலின் முன்னால் நகராமல் நின்றாள்.

"முடியாதுக்கா."

"வலிக்குதா?"

"இப்ப வலிக்கல. குனிஞ்சா வலிக்கும்."

ருக்சானா வற்புறுத்தவில்லை. டவலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அப்ப இங்கருந்து எடு." எடுத்தாள். நாற்காலிமேல் வைத்தாள். எடுத்தாள். அடுத்த வாரம் அது ஒரு குட்டி ஸ்டூலுக்கு இறங்கியது. இடுப்பை எப்படி மடக்குவது, மூச்சை எங்கே நிறுத்துவது என்று பாண்டிச்செல்விக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது அவள் தொழில். ஆனால் தெரிந்த வித்தையையே பயத்தோடு செய்யும்போது கையும் காலும் வேறு யாருடையவோ போல இருந்தன.

பேச்சுவாக்கில் வீட்டுப் பலகைகளைப் பற்றிச் சொன்னாள். ருக்சானா இம்முறை சிரிக்கவில்லை.

"அம்புட்டையுமா மேல ஏத்திட்டாரு? அப்ப அந்த வீடு தெனமும் உனக்கு என்ன சொல்லுது? நீ ஒடைஞ்சவ, நீ ஒடைஞ்சவன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. ஒண்ணொண்ணா கீழ எறக்கு."

அன்று சாயங்காலம் அவள் அரிசி டப்பாவைப் பலகையிலிருந்து நாற்காலிக்கும், பிறகு குனியாமல் முழங்கால் போட்டுத் தரைக்கும் இறக்கினாள். வேலை முடிந்து வந்த மதன்குமார் அதைப் பார்த்ததும், கைகூடக் கழுவாமல் மேலே தூக்கி வைத்தான். அவள் மறுபடி அதேபோல் இறக்கினாள்.

"என்ன புள்ள வெளையாடுறியா? இதுக்கா இம்புட்டு நாள் பாடுபட்டோம்?"

"ருக்சானாக்கா எறக்கச் சொன்னாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்? அன்னைக்கு நீ கெடந்தப்ப உன் மொகத்த நீ பாக்கல செல்வி. நான் பாத்தேன். இன்னமும் கண்ண மூடுனா அதான் வருது."

"மொகத்தப் பாத்ததுக்கே இப்படிச் சொல்றீங்க. நான் அதுக்கு உள்ள இருந்தேன் மாமா."

அவன் டப்பாவை விட்டுவிட்டுச் சமையலறை வாசலுக்கு நகர்ந்து நின்றான். அவள் டப்பாவின் முன்னால் காலை அகட்டி நின்று, மூச்சை இழுத்து, முட்டியையும் இடுப்பையும் மடக்கிக் கீழே போனாள். இதோ வரப்போகிறது, இதோ கிழியப்போகிறது என்று காத்திருந்தாள். உழக்கில் அரிசியை அள்ளிக்கொண்டு மேலே வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. திரும்பிப் பார்த்தால், மதன்குமார் கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த கை வெளிறிப்போயிருந்தது.

"இன்னொரு உழக்கு வேணும்" என்றாள். வேண்டியிருக்கவில்லை.

பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சுவரில் ஓட்டைகள் மட்டும் மிஞ்சின.

மழைக்காலம் முடிந்து ஜிம்முக்குப் போனாள். பிரான்சிஸ் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். "தூக்க வேணாம்மா. புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தாப் போதும்" என்றார். அவர் குரலிலும் அதே பயம்தான் இருந்தது. அன்றைக்கு வெறும் பாரின் முன்னால் நின்று பார்த்தாள். உள்ளங்கை ஈரமானது, பவுடர் களியாகிவிட்டது. பாரைத் தொடாமலே வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் தொட்டாள். அதற்கு அடுத்த வாரம் எடுத்தாள். ஒருநாள் பாதி தூக்கும்போது முட்டியில் சொடக்கு விழ, பாரைப் போட்டுவிட்டு மேடையில் படுத்துக்கொண்டு கால் விரல்களை அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. பிரான்சிஸ் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். குடித்துவிட்டு, அன்றைக்கே மறுபடி தூக்கினாள்.

எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. இடது கெண்டைக்கால் கொஞ்சம் இளைத்தே போனது. அந்தப் பாதத்தின் வெளி ஓரம் இன்னமும் மந்தம்தான். செருப்பு கழன்றால் சில நேரம் தெரியாது.

அடுத்த வருடம் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். முன்பு விளையாட்டாகத் தூக்கிய எடைகளைத்தான் எழுதிக் கொடுத்தாள். அவளைவிட ஐந்தாறு வயது இளைய பெண்கள் அதற்கு மேலே தூக்கினார்கள். கடைசி முறை பெயர் கூப்பிட்டதும் மேடையேறினாள். குனிந்து பாரைப் பிடித்தபோது அந்தப் பழைய பயம் வந்தது. அது இனி போகாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைப் போகச் சொல்லி நிற்கவில்லை. இழுத்தாள். பார் முழங்காலைத் தாண்டியது. தோளுக்கு வந்தது. எழுந்தாள், தலைக்குமேல் நிறுத்தினாள், நடுவர்களின் விளக்கு எரியும்வரை பிடித்திருந்தாள்.

நான்காவது இடம். இறங்கி வந்து தேடினால் மதன்குமாரை அரங்கத்தில் காணோம். வெளியே டீக்கடைப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். கையில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"மாமா, நீங்க பாக்கவே இல்லையா?"

"மொதத் தடவை தூக்குனதப் பாத்தேன். அதுக்கு மேல முடியல. வெளிய வந்துட்டேன்."

"அப்ப கடைசி?"

"பார் விழுந்த சத்தம் கேட்டுச்சு. எனக்கு உசுரே இல்ல. அப்புறம் ஆளுக கை தட்டுனாங்க."

அவள் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கடைக்காரரிடம் நீட்டி, சூடாக இரண்டு டீ கேட்டாள்.

"அடுத்த தடவை உள்ள இருங்க" என்றாள்.

"பாப்போம் செல்வி" என்றான் அவன். "பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள். டீ வந்தது. கடை வாசலில் இருந்த பெஞ்சில் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.