கீழத்தெரு வால்வு

"ஏட்டி, ஒண்ணு தண்ணி புடி, இல்ல காலேசுக்குப் போ. ரெண்டுல ஒண்ணுதான் இந்த வீட்டுல நடக்கும்."

பரிபூரணம் வெறுங்குடத்தைத் தரையில் வைத்த வேகத்தில் அது உருண்டு போய் வாசற்படியில் முட்டியது. மகள் பாண்டிசெல்வி பாதி சீவிய தலையோடு, சீப்பைப் பல்லில் கடித்தபடி தெருக்குழாயைப் பார்த்தாள். குழாயடியில் எல்லா வீட்டுக் குடமும் இருந்தது. குழாயில் காற்று மட்டும் வந்தது.

"இன்னும் தெறக்கலையாம்மா?"

"மேலத்தெருவுல போதும்னு சொல்லலையாம். சொல்லுத வரைக்கும் எச்சியத் தொட்டு மூஞ்சி கழுவு."

அம்மாவை நூல் மில்லுக்கு ஏற்றிப்போகும் வேன் வரும் நேரம். மகளின் கல்லூரிப் பஸ்ஸும் மெயின் ரோட்டில் ஊருக்குப் பிரியும் விலக்கில் வந்து நிற்கும் நேரம். இரண்டும் போன பிறகுதான் பெரும்பாலும் கீழத்தெருவுக்குத் தண்ணீர் வரும். அப்போது பிடிப்பதற்கு வீட்டில் ஆள் இருக்காது.

அந்த ஊருக்கு மேல்நிலைத் தொட்டி ஒன்றுதான். அதிலிருந்து மேலத்தெருவுக்கு ஒரு குழாய், கீழத்தெருவுக்கு ஒரு குழாய். வால்வு திறக்கிற வேலை ராக்கப்பனுக்கு. அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. மேலத்தெருவிலிருந்து யாராவது வந்து "போதும்ப்பா" என்றால்தான் கீழத்தெரு வால்வில் கை வைப்பார். சட்டமா என்று கேட்டால் இல்லை, வழக்கம் என்பார்கள். கீழத்தெருப் பெண்கள் குடத்தோடு போய் ராக்கப்பனைச் சத்தம் போடுவார்கள். பாவம், அவர் தலையைக் குனிந்துகொள்வார். சத்தம் தாங்காத நாளில் சீக்கிரமே திறந்தும் விடுவார்.

பாண்டிசெல்வி படித்த கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறப்புத் திட்டம் வைத்திருந்தார்கள். பாடம் தொடங்குமுன்னே கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிடுவார்கள். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரு குழு. தங்கள் பக்கத்து ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, வருஷம் முடிவதற்குள் அதற்கு ஒரு கருவி செய்ய வேண்டும். முதலில் வரும் குழுவுக்குக் கோடை விடுமுறை முழுக்கப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் பயிற்சி.

பஸ் நம்பரைப் பார்த்துப் பிரித்தவர்களுக்குத் தெரு தெரியவில்லை. அப்படித்தான் மேலத்தெரு ஹரிகிருஷ்ணனும் கீழத்தெருப் பாண்டிசெல்வியும் ஒரே குழுவில் விழுந்தார்கள். மூன்றாவது ஆள் ராஜபாளையத்துப் பையன் ஜோயல். பஸ்ஸில் அவள் ஹரி என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். விலக்கில் இறங்கிவிட்டால் இருவரும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்.

"ஏன் தெனமும் லேட்டா ஓடி வார? மேக்கப்பா?" என்று ஜோயல் ஒருநாள் கேட்டான்.

"தண்ணி வரல. மூஞ்சி கழுவினாத்தான மேக்கப்பு."

ஜோயல் சிரித்தான். பிறகு விஷயம் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "அப்ப இதான்ப்பா நம்ம புராஜெக்ட்டு" என்றான். ஹரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, சரி என்றான்.

கார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பழைய மோட்டார்களையும் ஒரு டைமரையும் வைத்து, தானாகத் திறந்து அடைக்கும் வால்வு செய்தார்கள். மேலத்தெருவுக்கு எவ்வளவு நேரமோ கீழத்தெருவுக்கும் அவ்வளவு நேரம். மாட்டிய அன்று பேராசிரியர்கள் வந்தார்கள். ஹரியின் அப்பா முத்துவீரன் அவர்களுக்குத் துண்டு போர்த்தினார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தோப்பும் மாடும் உள்ளவர், அதிர்ந்து பேசமாட்டார். "நம்ம ஊருப் பிள்ளைக" என்று பாண்டிசெல்வியையும் சேர்த்தே சொன்னார்.

சில வாரம் கீழத்தெருவில் விடியும்போதே தண்ணீர் வந்தது. பரிபூரணம் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வேன் ஏறினாள். "ஏட்டி, நீ படிச்சது எம் முதுகு வரைக்கும் நனைச்சிருச்சு" என்று மகளிடம் சொன்னாள்.

முத்துவீரன் ஒரு சாப்பாட்டு வேளையில் மகனிடம் பேச்செடுத்தார். "ஏலே, அந்த மிஷின செத்த மாத்தணுமே. தொழுவத்துத் தொட்டி நெறைய மாட்டேங்குது. தென்னம்பிள்ளை வாடுது."

"ரெண்டு தெருவுக்கும் சமம்னு வச்சதுப்பா அது."

"அவியளுக்கு நிறுத்தவா சொல்றேன்? மொதல்ல நம்மளுக்கு நெறையட்டும், பொறவு போகட்டும். காலங்காலமா உள்ளதுதான?"

"சார்மாரு பாத்தா?"

"சாருமாரு நாளைக்குக் குடத்தத் தூக்கிட்டு இங்கயா வரப் போறாக?"

குழம்பு ஊற்ற வந்த அம்மா நாச்சியார், "அவன் ஒத்தையில என்னத்தச் செய்வான், விடுங்க" என்றாள். முத்துவீரன் குரலை உயர்த்தவே இல்லை. "தெருவுல ஒவ்வொருத்தனும் என்னையத்தான் கேக்கான். ஒம் மகன் செஞ்சதுதானங்கான்" என்றார். ஹரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கெட்ட பையன் இல்லை. ஆனால் அந்த வீட்டில் அப்பாவுக்கு எதிர்ப்பேச்சு பேசி யாரும் பழகவில்லை.

அந்த வாரமே டைமரைக் கழற்றினான். தன் வீட்டுத் தரைத்தொட்டியில் ஒரு மிதவையைப் போட்டு வயரை வால்வு வரைக்கும் இழுத்தான். தொட்டி நிரம்பி மிதவை மேலே வந்தால்தான் கீழத்தெரு வால்வு திறக்கும். மேலத்தெரு ஆட்கள் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இனி மிதவை சொல்லும். இடைக்கால மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் ஹரி தனியாக நின்று விளக்கியதைக் கேட்டு, தண்ணீர் வீணாகாத நல்ல முன்னேற்றம் என்று கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். அது யார் வீட்டுத் தொட்டி என்று கேட்கவில்லை. ஹரியும் சொல்லவில்லை.

கீழத்தெருக் குழாயில் மறுபடியும் காற்று. பெண்கள் ராக்கப்பனிடம் போனார்கள். இந்தத் தடவை அவர் தலை குனியவில்லை.

"என்னைய ஏன் வையுதிய? நானா அடைச்சேன்? மிஷினுல்லா அடைக்கு. ஒம் மக செஞ்ச மிஷினுதான பரிபூரணம்? அவகிட்டப் போய்க் கேளு."

பரிபூரணம் திரும்பி வந்து மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஏசியிருந்தால் பாண்டிசெல்விக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரிதான் கேட்டாள்: "அவியளோட சேந்து படிச்சா அவிய பக்கந்தான் பேசும் போல, ஒம் மக மிஷினு?"

பாண்டிசெல்வி வால்வுக் குழிக்குப் போய் மோட்டார்ப் பெட்டியைத் திறந்தாள். புது வயர் ஒன்று குழாயோடு சேர்ந்து மேற்கே போயிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். முத்துவீரன் வீட்டு மதில் வந்தது.

மறுநாள் பஸ்ஸில் கேட்டாள். "எதுக்கு ஹரி?"

"அப்பா சொன்னாரு. நான் என்ன செய்ய?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

ஜோயல்தான் பேசினான். "ஏலே, மனுசன் பத்தாதுன்னு மோட்டாருக்கும் தெரு பாக்கச் சொல்லிக் குடுத்துட்டியேடா."

"நாளான்னிக்கு ஜட்ஜுக வாராங்க. நமக்குத்தான் பர்ஸ்ட்டுன்னு சார் சொல்லிட்டாரு" என்றான் ஹரி. "பெங்களூரு போயிட்டு வந்து மாத்திக்கிடுவோம் பாண்டிசெல்வி. ப்ளீஸ்."

பெங்களூரை அவளும் நினைத்துப் பார்த்திருந்தாள். அங்கே தங்குமிடத்தில் குளியலறைக் குழாயைத் திருகினால் தண்ணீர் வருமாம். யார் வீடு நிறைந்ததென்று பார்க்காமல் வருமாம்.

நடுவர்கள் வருவதற்கு முந்தைய காலை, எல்லோரும் குழாயடியில் நிற்கும் நேரத்தில், பாண்டிசெல்வி ஸ்பேனரோடு வால்வுக் குழிக்குப் போனாள். போல்ட்டைக் கழற்றத் தொடங்கினாள். ராக்கப்பன் ஓடி வந்தார்.

"ஏ பாப்பா, என்ன காரியம் பண்ணுத? நாளைக்கு ஆபீசருக வாராகன்னாகளே!"

"வரட்டும் அண்ணாச்சி. இங்க ஒண்ணும் இருக்காதுன்னு சாருக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன்."

"அப்ப ஒன் பெங்களூரு?"

அவள் கடைசி போல்ட்டையும் எடுத்தாள். மோட்டாரையும் பெட்டியையும் தூக்கி மண்ணில் வைத்தாள். வால்வின் கைப்பிடி மட்டும் மிஞ்சியது.

"இனி நீங்களே தெறங்க, நீங்களே அடைங்க. நாங்க இங்கனதான் உக்காந்திருப்போம்."

பரிபூரணம் முதலில் வந்து குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். விலக்கில் மில் வேன் ஹாரன் அடித்தது. யாரும் எழவில்லை. ராக்கப்பன் மேலத்தெருவைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், பிறகு குனிந்து கைப்பிடியைத் திருகினார். குழாயடியில் வைத்துவிட்டு வந்த குடங்களில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் முத்துவீரன் வந்தார். பின்னால் தோளில் பையோடு ஹரி.

"என்ன ராக்கப்பா, கூட்டம்?" என்றார். பிறகு பாண்டிசெல்வியிடம் தன்மையாக, "படிப்புக் கெட்டுப் போயிருமே தாயி" என்றார்.

"பரவால்லைங்கய்யா. அடைக்கணும்னா சொல்லுங்க. அண்ணாச்சி அடைக்கட்டும்."

ராக்கப்பன் கைப்பிடியை விடாமல் அவர் வாயைப் பார்த்தார். பெண்களும் பார்த்தார்கள். ஹரியும் பார்த்தான். கீழத்தெருவுக்கு அடைத்து வை என்பது காலங்காலமாக மேலத்தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே நடந்து வந்ததுதான். இத்தனை முகங்களுக்கு முன்னால் அதைச் சொல்ல முத்துவீரனுக்கு நாக்கு எழவில்லை.

"பாத்துக் கேட்டுச் செய்யி" என்று ராக்கப்பனிடம் பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"யாரக் கேட்டுங்கய்யா?" என்றாள் பரிபூரணம், உட்கார்ந்தபடியே.