புல்லைப் போல் முளைப்பது

கோலாரில் கண் மருத்துவர் கடைசியாகச் சொன்னவை இரண்டு வாக்கியங்கள். ஏனோக் தம் மனைவியிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒன்றைத்தான். அவள் கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து நரம்பு நைந்துவிட்டது, சொட்டு மருந்து எஞ்சிய பார்வையைக் காக்குமே ஒழிய இழந்ததை மீட்காது என்று அவர் விளக்கி முடித்தபின், வேறு கேட்க ஒன்றும் தோன்றாமல் ஏனோக் கேட்டார்:

“கேரட் குடுக்கலாங்களா டாக்டர்?”

“குடுங்க, நல்லதுதான். ஆனா இதுக்கு அது மருந்தில்ல.”

வெளியே பெஞ்சில் பாக்கியவதி கண்களை மூடிக் காத்திருந்தாள்.

“இன்னா சொன்னாருங்க?”

“சொட்டு மருந்து வுடணும். கேரட் நல்லதுன்னாரு.”

அவள் முகம் அலர்ந்தது. அந்த அலர்ச்சியைக் கண்டபின் மற்ற வாக்கியம் அவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

“கடையில இருக்கறது வாடிப்போனது. நம்ம வூட்டுப் பின்னாடியே போட்டுடலாம். எத்தினி நாளு ஆவும்?”

“தொண்ணூறு நாளு.”

“ஈஸ்டருக்கு வந்துடும். இந்த வாட்டி பாட்டுப் புஸ்தகத்தப் பாத்தே பாடறேன், பாருங்க.”

கனரக எந்திரத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற கை. பொய்யிலிருந்து தொடங்கிய வேலையாயினும் அரைகுறையாகச் செய்ய அதற்குத் தெரியாது. சாம்பியன் ரீப்ஸில் அவர்களுடைய லைன் வீட்டின் பின்புறம் ஓரடி ஆழம் தோண்டினார். சுரங்கத்து ஊர் ஆதலால் மண்ணினும் கல்லே மிகுதி. கல் தடுத்தால் கிழங்கு இரண்டாகக் கவைத்துவிடும் என்று அவ்வளவு மண்ணையும் சலித்தார். நன்கு மட்கிய சாணமும் மணலும் கலந்து பாத்தியை உயர்த்தி, ஒரு சாண் இடைவெளியில் நான்கு கோடுகள் கீறினார். எள்ளினும் சிறிய விதையை மணலோடு பிசறிக் கால் அங்குல ஆழத்தில் தூவினார். ஆழத்தை எஃகு ஸ்கேலால் அளந்தும் பார்த்தார்.

பக்கத்து வீட்டு மேக்ஸ்வெல் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“இன்னா அங்கிள், ஸ்கேலு வெச்சி வெத போடறீங்க? டாலரன்ஸ் எவ்ளோ? ஒரு நூலு முன்னபின்ன ஆவலாமா?”

“உன் வாய அளக்கத்தான்டா ஸ்கேல் இல்ல.”

“கோச்சிக்காதீங்க. ஆகஸ்டுலருந்து நவம்பருக்குள்ள போட்டிருக்கணும். இப்போ ஜனவரி. இது போச்சின்னா வெயிலு வந்துடும், அப்புறம் இன்னா போட்டாலும் மொளைக்காது.”

மேல்மண் ஒரு பொழுது காய்ந்தாலும் விதை உள்ளேயே மடிந்துவிடும் என்பதால் ஈரச் சாக்கை விரித்து, காலையும் மாலையும் பூவாளியால் நனைத்தார். காலைதோறும் பாக்கியவதி கேட்பாள்: “மொளைச்சிச்சாங்க?” காலைதோறும் அவர் மீதியைச் சொல்லிவிட எண்ணுவார். மாலைச் செபத்தில் அற்புதம் வேண்ட அவருக்கு நா எழவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் திடத்தையே வேண்டினார். அதுவும் அருளப்படவில்லை.

பன்னிரண்டாம் நாள் முளைத்தது. உடனே சாக்கை எடுத்தார். கேரட்டின் முதல் இலை, பின்னால் வரும் இலையைப் போலச் சீப்பாகக் கிழிந்திராது; நூல்போல் இரண்டு மெல்லிய தாள்கள், பார்ப்பதற்குப் புல்லே. செய்தி கேட்ட பாக்கியவதி அன்று முழுதும் கீர்த்தனை பாடியபடியே சமைத்தாள்.

நான்கு நாள் கழித்து, சொட்டு மருந்து வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போய்த் திரும்பினார் ஏனோக். பாத்தியின் ஓரம் அவள் குந்தியிருந்தாள். கையெல்லாம் மண்.

“வந்துட்டீங்களா? பாத்தி பூரா புல்லு! நீங்க இன்னா பாத்துகினு இருந்தீங்க? கண்ணு மங்குனா இன்னா, கைக்குத் தெரியாதா? ஒண்ணு வுடாம புடுங்கிட்டேன்.”

நான்கு கோடுகளும் வெறுமையாய்க் கிடந்தன. அருகே சிறு குவியலாக, வெண்ணூல் வேர்கள் வெயிலில் சுருண்டுகொண்டிருந்தன. அவள் பார்வை இவ்வளவு தேய்ந்திருப்பதை அவர் அதுவரை அறியவில்லை.

“இன்னாங்க, பேச்சையே காணோம்?”

நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்க எடுத்த கை மூக்கருகே நின்றது. விரல்களை முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

“இது புல்லு வாசன இல்லியே.”

“பாக்கியம்...”

அவள் தலை தாழ்ந்தது. வெறுமையான கோட்டில் விரலை ஓட்டியபடி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்:

“கேரட்டயே புல்லுன்னு புடுங்கிருக்கேன். டாக்டர் வேற இன்னா சொன்னாரு?”

ஏனோக் அவள் அருகே மண்ணிலேயே அமர்ந்தார். சட்டைப்பையில் மருந்துக் குப்பி இடித்தது. இருபது நாளாகச் சுமந்த வாக்கியத்தைச் சொன்னார். சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கு மேல் ஆகவில்லை.

அவள் குவியலைத் தடவி ஒரு நாற்றை எடுத்தாள். விரல் நுனியால் மண்ணில் குழி செய்து, அதை நிறுத்தி, சுற்றிலும் அழுத்தினாள். அது சாய்ந்தது. அடுத்ததை எடுத்தாள். கத்தரியும் மிளகாயும் பிடுங்கி நட்டால் பிழைக்கும். கேரட்டின் வேர் ஒருமுறை பெயர்ந்தால் மீண்டும் பற்றாது. ஏனோக்குக்கு அது தெரியும்.

“தண்ணி கொண்டாங்க” என்றாள். “காஞ்சிடப் போவுது.”

அவர் எழுந்து, பூவாளியை நிரப்பப் போனார்.